ஆறு தடவைதானே தோற்றாய், அதற்குள்ளேயா?

மணி இரவு பதினொன்று. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

வெளியே பந்தல்குடி ரோட்டில் தூத்துக்குடி லாரிகள் பறக்கின்றன. உள்ளே உன் கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு மட்டும் நகர மறுக்கிறது.

200 ஜிபி கல்யாண வீடியோ. ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. நடுவில் ஒரு சாண் தூரம். ஒரே ஒரு சாண்!

நொடிக்கு 10 எம்பி என்று காட்டுகிறது. அப்படியானால் ஐந்தரை மணி நேரம். விடிந்தால் பெண் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்பார்.

நீ என்ன செய்கிறாய்? கொட்டாவி விடுகிறாய்!

"பழைய சிஸ்டம்ண்ணே. இது இவ்வளவுதான் போகும்."

யார் சொன்னது? டிஸ்க் சொன்னதா? கேட்டுப் பார்த்தாயா?

சுழலும் ஹார்ட் டிஸ்க்தான், எஸ்எஸ்டிகூட வேண்டாம். பெரிய ஃபைல் என்றால் அது நொடிக்கு 100 எம்பிக்கு மேல் சாதாரணமாகத் தரும். 120 என்று வைத்துக்கொள். உன் 200 ஜிபி அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அரை மணி எங்கே, ஐந்தரை மணி எங்கே! நடுவில் இருக்கிற ஐந்து மணி நேரத்தை யார் தின்கிறார்கள்? அது தெரியாமல் உனக்குத் தூக்கம் எப்படி வருகிறது?

எனக்கு வந்தது, தம்பி. மூன்று மாதம் நன்றாகத் தூங்கினேன். அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு சூடாக எழுதுகிறேன்.

2007. விண்டோஸ் எக்ஸ்பி காலம். ஒரு மணி நேர மினி டிவி டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 13 ஜிபி வரும். அதை ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

சர்வீஸ் ஆள் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டுருங்க" என்றார்.

நம்பினேன்! கையில் காசு இல்லை என்பதால் வாங்கவில்லை, அவ்வளவுதான். அன்றைக்குக் காசு இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆத்திரம் தாங்காமல் மூடியைக் கழற்றினேன். உள்ளே பட்டையாக ஐடிஇ கேபிள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் சிக்கி, மடங்கி, நசுங்கிக் கிடந்தது.

அருப்புக்கோட்டைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். மாட்டினேன். ஆன் செய்தேன். வேகம் பறக்கப்போகிறது என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

பறந்ததா?

இல்லை! அதே ஆமை. அதே ஒரு மணி நேரம்!

கோளாறு போய்விட்டது. மெதுவாக ஓடுகிற பழக்கம் போகவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். உன்னைப் பற்றிய விஷயம் இது.

அந்தக் காலத்து டிஸ்க்குக்கு இரண்டு நடை உண்டு. ஒன்று டிஎம்ஏ. சித்தாள்கள் வரிசையில் நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். கொத்தனார் கரண்டியை மட்டும் பிடித்தால் போதும்.

இன்னொன்று பிஐஓ. கொத்தனாரே கீழே இறங்கி, சட்டியைத் தூக்கி, ஏணியில் ஏறி, தானே கொட்டி, தானே பூசுவது. பிராசசரே ஒவ்வொரு சட்டியாகச் சுமக்கும். சிஸ்டமே திணறும்.

என் சிஸ்டம் பிஐஓவில் ஓடிக்கொண்டிருந்தது. யார் அதை இறக்கியது? விண்டோஸ்தான்!

நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் ஆர்.ஆர். நகர் சிமென்ட் ஆலைக்குப் போகிறதல்லவா? ஒரு லாரியைப் புறப்படும் இடத்தில் எடை போடு. இறங்கும் இடத்திலும் போடு. இரண்டும் ஒத்துவரவில்லையா? வழியில் என்னவோ சிந்தியிருக்கிறது. கேபிளின் இரண்டு முனையிலும் டேட்டாவுக்கு இப்படி ஒரு எடை பார்ப்பு நடக்கிறது. அதற்குப் பெயர் சிஆர்சி. எடை தப்பினால் பிழை. மறுபடி அனுப்பு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் எக்ஸ்பியில் ஒரு விதி வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட பிழையோ, பதில் வராத தாமதமோ, மொத்தம் ஆறு சேர்ந்தால் வேகத்தை ஒரு படி இறக்கு. இறக்கிக்கொண்டே போ. கடைசியில் பிஐஓவில் தள்ளிவிடு.

ஆறு! கோடிக்கணக்கில் சரியாக அனுப்பியிருந்தாலும் அது கணக்கில் வராது. தவறு மட்டும்தான் கணக்கு. நேற்று ஒன்று, போன மாதம் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. சேர்ந்துகொண்டே இருக்கும்.

இறக்கியதைத் திரையில் சொல்லுமா? ஒரு வார்த்தை சொல்லாது. கேபிளை மாற்றினால் தானாக ஏறுமா? ஏறாது!

இப்போது உன்னைப் பார்.

பிளஸ் டூவில் கணக்கில் போனது, ஒன்று. குரூப் ஃபோர் எழுதி இரண்டு மார்க்கில் விட்டது, இரண்டு. போலீஸ் செலக்‌ஷனில் உயரம் பத்தாமல் திரும்பியது, மூன்று. திருப்பூருக்குப் போய் ஆறே மாதத்தில் வந்தது, நான்கு. கடன் வாங்கிப் போட்ட செல்போன் கடை, ஐந்து. பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டபோது அப்பா தலை குனிந்தது, ஆறு.

அன்றைக்கு இறக்கினாய் வேகத்தை! யாருக்கும் தெரியாமல் இறக்கினாய். உனக்கே தெரியாமல் இறக்கினாய்!

தங்கச்சி, நீயும்தான். நீ எண்ணி வைத்திருக்கிற ஆறு எது என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

செய்து முடித்ததை எண்ணினாயா? ராத்திரி மூன்று மணிக்கு முடித்துக் கொடுத்த ஆல்பங்கள் எத்தனை? யாரும் சொல்லித் தராமல் தானாகக் கற்ற சாஃப்ட்வேர் எத்தனை? அதெல்லாம் கணக்கில் வராதா? எந்த ஊர் நியாயம் இது?

இந்த மண் அப்படியா எண்ணுகிறது?

கரிசல்காட்டில் புழுதி விதைப்பு பார்த்திருப்பாய். மழை வரவில்லை. மேகம்கூட இல்லை. காலுக்கடியில் வெறும் புழுதி. அந்தப் புழுதியிலேயே விவசாயி விதையைப் போட்டுவிட்டு வருகிறான். மழை பெய்தால் முளைக்கும். போன வருஷம் கருகியது. அதற்கு முந்தின வருஷமும் கருகியது. இந்த வருஷமும் புரட்டாசி நெருங்கினால் விதைப்பெட்டியைத் தூக்குகிறான்.

உன் தாத்தா ஆறு வருஷத்தில் வேகத்தை இறக்கியிருந்தால், உன் அப்பாவுக்குச் சோறு எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, என் 2007-க்கு வருகிறேன். டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். ஐடிஇ சேனலில் பிஐஓ என்று எழுதியிருந்தது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்தேன். கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை. ரீஸ்டார்ட். விண்டோஸ் அந்த டிஸ்க்கை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பது மாதிரி புதிதாகக் கண்டுபிடித்தது. பழைய ஆறு போன இடம் தெரியவில்லை. அல்ட்ரா டிஎம்ஏ மோட் 5!

13 ஜிபி. ஆறு நிமிஷத்துக்குள் முடிந்தது. நான் டீக்குச் சொல்லி அனுப்பிய பையன் இன்னும் திரும்பி வரவில்லை.

பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. அந்த விதியை மாற்றவும் மைக்ரோசாஃப்ட்டே வழி வைத்திருந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதன் பெயர் என்ன தெரியுமா? ரீசெட் எரர் கவுன்ட்டர்ஸ் ஆன் சக்சஸ். அடுத்த வேலை சரியாக நடந்துவிட்டால் பழைய பிழைக் கணக்கை அழித்துவிடு! மதிப்பு 1 என்று போட்டால் போதும்.

பெயர் வைத்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம்ண்ணே. என்னிடம் இருப்பது சாட்டா."

ஆகா, அடுத்த சாக்கு தயார்!

சாட்டாவிலும் அதே சிஆர்சிதான். கேபிள் லூசாக இருந்தாலும், சரியாக உட்காராமல் இருந்தாலும், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பும். சாட்டாவின் வேகம் மூன்று படி: நொடிக்கு 6 ஜிகாபிட், 3, 1.5. பிழை கூடினால் லினக்ஸ் படி இறங்கி, இறங்கியதை லாகில் வெளிப்படையாக எழுதியும் வைக்கிறது. நல்ல மனசு!

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இறக்கு. திற. டிரான்ஸ்ஃபர் மோட் என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும். இடது பக்கம், இப்போது ஓடுகிற வேகம். வலது பக்கம், ஓடக்கூடிய வேகம்.

ஒரு மனுஷனுக்கு இப்படி இரண்டு எண் நெற்றியில் எழுதியிருந்தால் எப்படி இருக்கும்? கண்ணாடி பார்க்கத் துணிவாயா?

இடது எண் சிறிதாக இருந்தால் உடனே பதறாதே. உன் போர்டு பழசு, அதன் உச்சமே 300 (அந்த 3 ஜிகாபிட்தான்) என்றால் அது குறையே இல்லை. சுழலும் டிஸ்க்குக்கு 300 தாராளம், 150-கூடச் சமாளிக்கும். பார்க்க வேண்டியது கீழே சி7 என்ற வரி. கேபிளில் நடந்த சிஆர்சி பிழைகளின் எண்ணிக்கை அது.

அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுது. கேபிளை மாற்று. ஒரு பெரிய ஃபைலைக் காப்பி போடு. மறுபடி பார்.

பழைய எண் அழியாது. டிஸ்க் ஆயுளுக்கும் அது அப்படியே இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்! இனிமேல் கூடவில்லை என்றால் கேபிள்தான் குற்றவாளி. முடிந்தது கதை.

ஆனால் அதே பட்டியலில் 05, சி5 என்று இரண்டு வரி உண்டு. தட்டிலேயே இடம் கெட்டுப்போய் மாற்றி வைத்த செக்டர்கள், படிக்க முடியாமல் நிற்கிற செக்டர்கள். அங்கே எண் ஏறிக்கொண்டே போகிறதா? டிஸ்க் சாகிறது.

அங்கே வீரம் காட்டாதே! டிஃப்ராக் போடாதே, ஃபார்மட் போடாதே. திரும்ப எடுக்க முடியாத கல்யாணங்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்று. தைரியத்துக்கும் மூர்க்கத்துக்கும் வித்தியாசம் தெரிந்தவன்தான் பிழைப்பான்.

கேபிளும் சரி, டிஸ்க்கும் சரி, அப்புறமும் மெதுவாக ஓடுகிறதா? அப்போது உன்னைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

டி-யிலிருந்து ஈ-க்குப் போடுகிறாய். இரண்டும் இரண்டு டிஸ்க் என்று யார் சொன்னது? ஒரே டிஸ்க்கை இரண்டாக வெட்டி வைத்திருந்தால்? இங்கே படித்து, அங்கே ஓடி எழுதி, மறுபடி இங்கே ஓடிவந்து படிக்க வேண்டும். இருப்பது ஒரே ஒரு கை!

அது போதாதென்று நான்கு காப்பியை ஒரே நேரத்தில் ஓடவிடுகிறாய். நிமிஷத்துக்கு 7200 சுற்றுச் சுற்றுகிற டிஸ்க்கில், வேண்டிய இடம் கைக்குக் கீழே வரவே சராசரி 4 மில்லி செகண்டுக்கு மேல். நான்கு பேர் நான்கு பக்கம் கூப்பிட்டால் அது எங்கே எழுதும்? ஒன்று முடியட்டும், அடுத்ததைப் போடு!

நாற்பதாயிரம் போட்டோவைத் தனித்தனியாக அனுப்பிவிட்டு மெதுவாகப் போகிறது என்கிறாய். கொத்தமல்லியை ஒவ்வொரு விதையாக எண்ணி வண்டியில் ஏற்றுவாயா, மூட்டையாகக் கட்டி ஏற்றுவாயா? அழுத்தம் இல்லாத ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டி இன்னொரு டிஸ்க்கில் வை. கட்டவும் நேரம் ஆகும், மறுக்கவில்லை. ஆனால் அதையே நாளைக்கு மூன்று இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் கட்டியவன் ஜெயித்தான்.

யுஎஸ்பி டிஸ்க்கை முன்பக்கக் கறுப்பு போர்ட்டில் செருகியிருக்கிறாயா? பெரும்பாலும் அது 2.0. நொடிக்கு 40 எம்பி தாண்டினால் அதிசயம். பின்னால் நீல போர்ட் சும்மா கிடக்கிறது. குனிந்து செருக முதுகு வலிக்கிறதா?

ஆரம்பத்தில் 300 என்று காட்டிவிட்டு 30-க்கு இறங்குகிறது என்று புலம்புகிறாய். அந்த 300 டிஸ்க்கின் வேகமே இல்லை. ரேமில் நிரப்பிக்கொண்டிருந்த வேகம். அது நிரம்பிய பிறகுதான் உண்மை வெளியே வரும். முதல் பத்து நிமிஷத்தை வைத்து யாரையும் எடை போடாதே.

நிரம்பிய பிறகும் படுத்தே கிடக்கிறதா? டிஸ்க்கின் மாடலைத் தேடிப் பார். எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கும் அல்லவா? அடி ஓட்டை மாற்ற மேல் ஓடுகளை எடுத்து, மறுபடி அடுக்க வேண்டும். அந்த டிஸ்க்கில் எழுத்து வரிசைகள் அப்படித்தான் ஏறி அடுக்கியிருக்கின்றன. நிறைய எழுதச் சொன்னால் மூச்சு வாங்கும்.

2020-இல் பெரிய பெரிய கம்பெனிகளே, எஸ்எம்ஆர் என்று சொல்லாமல் சில டிஸ்க்குகளை விற்றதாக ஒப்புக்கொண்டன. ஆக, எல்லாமே உன் தப்பு என்று நினைக்காதே. சில நேரம் உன்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த டிஸ்க்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள், எடிட்டிங்குக்கு வேறு டிஸ்க். அழுதுகொண்டு உட்காராதே!

"வோல்டேஜ் சரியில்லைண்ணே, இது கிராமம்."

ஒத்துக்கொள்கிறேன். நிஜம். யுபிஎஸ் இல்லாவிட்டால் வாங்கு. பழைய எஸ்எம்பிஎஸ் தடுமாறினாலும் டிஸ்க் நடுவில் நின்று நின்று ஓடும். ஆனால் பக்கத்துக் கடையில் அதே வோல்டேஜில் ஓடுகிறதே, அதற்கு என்ன பதில்?

"பழைய சிஸ்டம்" என்று முதலில் ஒன்று சொன்னாயே, அதை நான் மறக்கவில்லை. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். ஒரு டன் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. உன் கேமராவின் ஒரு போட்டோ அதில் அடங்காது. அதை வைத்துக் கம்பெனிகளின் கணக்கையே நடத்தினார்கள். உன் பழசுக்கு என்ன குறை?

போதும். உண்மையைச் சொல். வோல்டேஜும் இல்லை, பழசும் இல்லை.

பயம்!

திறந்தால் கெட்டுவிடுமோ? ஷாக் அடிக்குமோ? திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்தால் நாலு பேர் சிரிப்பார்களோ?

நம் பக்கத்து ஊர் திருச்சுழியில் 1879-இல் ஒரு பிள்ளை பிறந்தது. 1896-இல் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்தபோது, பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. ஓடினானா? டாக்டரைக் கூப்பிட்டானா? தரையில் நீட்டிப் படுத்தான். சாவது எது, சாகாமல் இருப்பது எது என்று உள்ளே பார்த்தான். எழுந்தபோது பயம் இல்லை. அவர்தான் பிறகு ரமண மகரிஷி.

அந்தப் பையன் சாவையே உட்கார்த்தி வைத்து விசாரித்தான். நீ ஒரு கேபிளை விசாரிக்கப் பயப்படுகிறாய்!

கேபிளை மாற்று, வேகம் பார். ஏறவில்லையா? போர்ட்டை மாற்று, பார். ஏறவில்லையா? டிஸ்க்கை வேறு சிஸ்டத்தில் மாட்டு, பார். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால், எது சரியானது என்று உனக்குத் தெரியாது. அடுத்த முறை மறுபடி தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடுவாய்.

காப்பியை இப்போது கேன்சல் செய். ஆமாம், 9 சதவீதம் முடிந்திருக்கிறது, தெரியும். கேன்சல் செய்!

மூல டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒன்றும் போகாது. ஷட் டவுன் செய். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கு. இரும்புப் பெட்டியை ஒரு தடவை தொடு, உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கட்டும்.

பின்பக்கம் பார். பக்கவாட்டு மூடிக்கு இரண்டே ஸ்க்ரூ. உள்ளே கரிசல் புழுதி ஒரு விரற்கடை படிந்திருக்கும். வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். காய்ந்த பிரஷ் எடு.

மணி பதினொன்றரைதான் ஆகிறது. விடிய இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது, தம்பி.

ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தாய்?